பேக்கப் சொல்லாத படம்

திருகோணமலையில் இதுவரை எடுக்கப்படாத படங்களில் அதிகம் பேர் பார்த்த படம் அஞ்சலோவின் 'ஆறரை மணிப் பாதை'தான். உட்துறைமுக வீதியில் யாரை மறித்துக் கேட்டாலும் முதல் காட்சியிலிருந்து சொல்வார்கள். எங்கே மழை பெய்ய வேண்டும், எங்கே வயலின் அழ வேண்டும் என்பதையும் விட்டுவிடமாட்டார்கள். மீன் வாங்க வந்தவர்கள், ஓட்டோவுக்குக் காத்து நின்றவர்கள், பூசைக்கு நேரம் பிந்தி ஓடியவர்கள் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து நிறுத்திக் கதை சொன்ன மனுசன் அவர். படத்தை எடுத்திருந்தால் இத்தனை பேர் பார்த்திருப்பார்களோ தெரியாது.

கதை பெரிய கதையில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னர் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவையைத்தான் இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு கிளாக்கர் தினமும் பின்னேரம் ஆறரை மணிப் பாதையில் ஏறுவான். அக்கரை வரும். எல்லோரும் இறங்குவார்கள். அவன் மட்டும் இறங்கமாட்டான். அதே பாதையில் திரும்பி வருவான். அடுத்த நாளும் அப்படியே. ஏன் இறங்குவதில்லை என்பதுதான் கிளைமாக்ஸ். அதை அஞ்சலோ எவருக்கும் சொன்னதில்லை, காசு போடுகிறோம் என்று வந்தவர்களைத் தவிர. அரிசி ஆலை முதலாளி லாபிருக்குச் சொன்னபோது அக்கரையில் ஒரு காதலி இருந்தாள். தொண்டு நிறுவனத்துப் பெண்மணிக்குச் சொன்னபோது காணாமற்போன தம்பி இருந்தான். அந்தப் பெண்மணி முழுவதையும் உருக்கமாகக் கேட்டுவிட்டு, கைகழுவும் பழக்கத்தையும் எங்காவது சேர்க்கலாமா என்று விசாரித்தார். கனடாவிலிருந்து வந்தவருக்கு அக்கரையில் துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். மூவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது அஞ்சலோ கலியாணவீடு, முதல்நன்மை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறார். வெளிநாட்டில் இருந்து வரமுடியாத பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனின் பிரேதத்தை நேரலையில் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருகாலத்தில் படத்தைப் பற்றி யாராவது கேட்டால் கண் கலங்குவார். பிறகு சில வருடம் கோபப்பட்டார். இப்போது இரண்டும் இல்லை. நெடுநேரம் சம்மணம் கொட்டி இருந்த கால் மாதிரி. தன்னுடையதுதான் என்று தெரியும், கிள்ளினால் மட்டும் தெரியாது. ஆனாலும் யாராவது "டைரக்டர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இன்னும் விடவில்லை. படத்தை விட்டுவிட்டேன் என்று அவர் வாயால் சொன்ன அன்றைக்கு அவர் வெறும் கலியாணவீட்டு வீடியோக்காரர். அது அவருக்கும் தெரியும், வீதிக்கும் தெரியும். அதனால் ஒருவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

கேட்க ஒருவர் வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்ருடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாகிரட் வந்து நின்றார்.

"அஞ்சலோ, என்ர மனுசன்ர தாடியில உமக்கு என்ன பங்கு?"

இந்தத் தாடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. மாகிரட்டின் புருசன் இராஜநாயகம்தான் படத்தில் அந்தக் கிளாக்கர். அவர் நிஜமாகவே துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர் என்பதால் உடுப்பும் பேனையும் கக்கத்தில் பைலும் அவருடையவையே. தாடி மட்டும் டைரக்டர் கேட்டது. ஒரு மாதம் வளர்த்துக்கொண்டு வந்தார். பாலத்தின் தூண்கள் பாதி எழும்பி நின்ற காலம் அது. ஒரேயொரு பின்னேரத்துக்குப் பாதையில் கமரா வைக்க அனுமதி கிடைத்தது. முதல் ஷொட் முடிந்ததும் முடியாததுமாக, கூட வந்த நேவிக்காரருக்கு என்ன தோன்றியதோ, கமராவைப் பைக்குள் வை என்று கையைக் காட்டிவிட்டார். இறங்கிப் பிரியும்போது அஞ்சலோ சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, தாடியை இப்பிடியே வைச்சிருங்கோ. முகம் மாறக்கூடாது, கன்ரினியூட்டி. அடுத்த கிழமை மிச்சத்தை எடுப்பம்."

அடுத்த கிழமை வரவில்லை. பாலம் வந்தது. பாதையை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனார்கள். தாடி இருந்தது.

அதுவும் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்றைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்துக் கத்தரிக்கோலால் அளவு பிசகாமல் வெட்டிக்கொள்வார் இராஜநாயகம். நரைக்கத் தொடங்கியதும் மை பூசினார். தலைக்குப் பூசவில்லை. படத்தில் தலையில் துவாய் கட்டியிருந்தார். ஆகவே தலைமயிருக்குக் கன்ரினியூட்டி இல்லை. உச்சி பஞ்சாகவும் நாடி கரியாகவும், இரண்டு ஆட்களைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டியதுபோல அவர் சந்தைக்கு வந்துபோவதை ஊர் பழகிக்கொண்டது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த வருடம் கிண்ணியாவில் படத்தின் கமராக்காரர் மஹ்ரூப் பயத்தில் தாடியை மழித்தார். கத்தோலிக்கரான இராஜநாயகம் மழிக்கவில்லை. சோதனைச் சாவடியில் பஸ்சிலிருந்து இறக்கி முஸ்லிமா என்று கேட்டார்களாம். "இல்லை, நடிகன்" என்றாராம். மத்தியானம்வரை இருத்தி வைத்துத்தான் விட்டார்கள். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் வாசலில், அவர் கையில் தூக்கித் திரிந்த பொடியன்களே பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

"இருங்கோ அக்கா, கதிரையில இருங்கோ," என்றார் அஞ்சலோ.

"இருக்க வரேல்லை. வாற சனிக்கிழமை மகள் தினுஷாவின்ர கலியாணம். உமக்குத் தெரியும்தானே, நீர்தானே வீடியோ. மாப்பிள்ளையின்ர தாய் கந்தளாயிலயிருந்து வந்து இவரைப் பாத்திட்டு, என்ன நேர்த்திக்கடனோ எண்டு கேட்டா. நான் வேற என்னத்தைச் சொல்ல? ஓம், அந்தோனியாருக்கு எண்டிட்டன்."

"பேந்து?"

"பேந்தென்ன, மகளின்ர கலியாணத்துக்கு வைச்ச நேர்த்தியெண்டால் கலியாணத்துக்கு முதல் எடுத்துப்போடுவார்தானே எண்டு மனுசி தானே முடிவு கட்டீட்டா. எனக்கும் அது நல்லதாப் பட்டுது. இவர் ஏலாது எண்டுறார். சாமியாரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். சாமியார் சொன்னார், நேர்த்தியைத் தளர்த்திவிட தனக்கு அதிகாரம் இருக்கு, தளர்த்திவிடுறன் எண்டு. இந்த மனுசன் என்ன சொன்னது தெரியுமோ? 'ஃபாதர், இது கடவுளுக்கு வைச்சதில்லை, டைரக்டருக்கு வைச்சது.'"

"சாமியார் என்ன சொன்னவர்?"

"நல்லாச் சிரிச்சார். பேந்து, அப்ப டைரக்டரிட்டப் போங்கோ எண்டார். வந்திருக்கிறன்."

அஞ்சலோவின் கணினியில் யாரோ ஒருவரின் பிரேதப்பெட்டி பாதி மூடியபடி அசையாமல் நின்றது. மாகிரட் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"படம் எடுக்கமாட்டன் எண்டு அவருக்கு உம்மட வாயால சொல்லும். வேற ஒண்டும் வேண்டாம்."

"எடுக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லையே அக்கா."

"அப்ப எடுப்பன் எண்டு சொல்லும், பாப்பம்."

அஞ்சலோ கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாகிரட் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அடித்துச் சாத்தியிருந்தால் நல்லது என்று அஞ்சலோவுக்குத் தோன்றியது.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். பாலத்தைக் கடக்க ஒரு பாட்டு முடியும் நேரம்கூட ஆகாது. அதற்குள் ஒருதரமும் அவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மஹ்ரூப் இப்போது கைப்பேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். பழைய கமராவும் அன்றைக்குப் பதிந்த வீடியோ ரேப்பும் அவரிடம்தான் கிடந்தன.

"தாடி எவ்வளவு தெரியுது எண்டு பாக்கோணும்," என்றார் அஞ்சலோ. "கொஞ்சமாத் தெரிஞ்சால் எடுக்கச் சொல்லலாம். பேந்து ஒட்டுத்தாடி வைக்கலாம்."

"எந்த ஷொட்ட மச்சான் சொல்றாய்?"

"அந்த ஷொட்டடா. பாதை நடுக்கடலுக்கு வருது. கமரா மெல்ல மெல்லக் கிட்டப் போகுது. அண்ணையின்ர முகம். கண்ணில தண்ணி நிக்குது, விழேல்லை. காத்து தாடியைக் கலைக்குது..."

மஹ்ரூப் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். "அப்பிடி ஒண்டு எடுத்த ஞாபகம் எனக்கு இல்லியே."

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி ஹுஸ்னியா கதவடியில் நின்றார். "இன்னும் அந்தப் படமா? அந்த மனிசன் இன்னும் பாதையால இறங்கல்லியா?"

ரேப் ஓடியது. முதலில் கோடுகள். பிறகு கடல். பாதையின் இரும்புத் தட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆடு, பனையோலை உமல் பையோடு ஒரு கிழவர். முன் கம்பியைப் பிடித்தபடி இராஜநாயகம் நின்றார். முதுகு. தலையில் கட்டிய துவாயின் நுனி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கமரா கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. முதுகு, துவாய், ஒரு காதின் விளிம்பு. முகம் திரும்பும் என்று அஞ்சலோ காத்திருந்தார். பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன முகம். அந்தக் கண்ணீரைக் கேட்டு எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள். அது திரும்பவில்லை. "ஹரி, ஹரி, எத்தி" என்று, போதும் நிறுத்து என்கிற மாதிரி, ஒரு சிங்களக் குரல் கேட்டது. படம் ஆடி இருண்டது. கமராவை நிறுத்தாமலே பைக்குள் வைத்திருக்கிறார்கள். இருட்டுக்குள் இயந்திரச் சத்தம். பிறகு இராஜநாயகத்தின் குரல், பவ்வியமாக:

"தம்பி, இனி முகமோ?"

பிறகு அஞ்சலோவின் குரல், இப்போதையதைவிட இளசாக:

"ஓம் அண்ணை. அடுத்தது முகம்."

ரேப் முடிந்தது.

மஹ்ரூப் தொடையில் தட்டிச் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ்! பிரச்சின முடிஞ்சிது மச்சான். முதுகுதானே இரிக்கு. அவர் தாடிய வெச்சாலும் ஒண்டு, எடுத்தாலும் ஒண்டு. நீ படத்த விடவும் தேவயில்ல, அவர் தாடிய வெச்சிரிக்கவும் தேவயில்ல."

அந்தத் துண்டை அஞ்சலோவின் கைப்பேசிக்குள் ஏற்றியும் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்தால் மஹ்ரூப் சொன்னது சரிதான். ஒன்றையும் வாயால் சொல்லத் தேவையில்லை. போனைக் காட்டினால் போதும். தாடியும் போகும், டைரக்டரும் இருப்பார். பாலத்தில் திரும்பி வரும்போது அஞ்சலோவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று அவர் தன்னையே கேட்டுப் பார்த்தார். வயிறு பசித்தது. அது மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை பின்னேரம் இராஜநாயகத்தின் வீட்டுக்குப் போனார். குசினியில் மாகிரட் கலியாணத்துக்குக் கொக்கிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். சுர்ரென்ற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. இராஜநாயகம் நிழலில் கதிரை போட்டு இருந்தார். தாடிக்குப் புதிதாக மை பூசியிருந்தார். கழுத்துப் பக்கம் தோலிலும் கொஞ்சம் பட்டிருந்தது.

"வாரும் டைரக்டர். மாகிரட் உம்மட்ட வந்தவளாம். பெண்டுகளின்ர கதை. நீர் ஒண்டும் யோசியாதையும்."

"அண்ணை, நீங்கள் தாடியை எடுக்கலாம்."

இராஜநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "படம்?"

"படத்துக்கு ஒண்டும் வராது. இதைப் பாருங்கோ."

இராஜநாயகம் கண்ணாடியைப் போட்டு, போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆடு கத்தியது. துவாய் அடித்தது.

"இது ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை."

"முகம் எங்க?"

"முகம் எடுக்கேல்லை. அதுக்குள்ள அந்த நேவி..."

திரை இருண்டது. *தம்பி, இனி முகமோ* என்று போன் கேட்டது. *ஓம் அண்ணை, அடுத்தது முகம்* என்று போனே பதில் சொன்னது. குசினியில் பொரியும் சத்தம் குறைந்தது. மாகிரட் சட்டியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

இராஜநாயகம் இன்னொருமுறை போட்டுப் பார்த்தார். அதற்கடுத்த முறை பார்க்கவில்லை, கேட்க மட்டும் செய்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப தாடி தேவையில்லை."

"தேவையில்லை அண்ணை."

"மிச்சத்தை எடுக்கத் தொடங்கினாலும்?"

"தொடங்கினாலும் தேவையில்லை. முகம் புதுசாத்தானே எடுக்கிறது."

"அப்ப நானும் தேவையில்லை," என்றார் இராஜநாயகம். கோபமில்லை. கப்பலில் வந்த சாமான்களை வாசிக்கிற கிளாக்கரின் குரல்தான். "ஒரு துவாயும் ஒரு முதுகும்தானே. ஆரின்ர முதுகெண்டாலும் பொருந்தும். வேற ஒராளைப் பாத்துப் போடலாம். இளம் ஆளா. கிளாக்கருக்கு இந்த வயசு கூடத்தானே."

இப்படி ஒரு கதை வரும் என்று அஞ்சலோ நினைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதாவது எழும்பட்டும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. அதனாலோ என்னவோ, அத்தனை வருடம் தொண்டையில் நின்றது மிகச் சாதாரணமாக வெளியே வந்தது.

"வேற ஆள் இல்லை அண்ணை. வேற ஒருத்தரும் நடிக்கப்போறேல்லை. படம் இல்லை."

"இல்லையெண்டால்?"

"எடுக்கமாட்டன். விட்டிட்டன்."

"எப்ப விட்டனீர்?"

அஞ்சலோ உண்மையாகவே யோசித்தார். லாபிர் முதலாளியின் கார் திரும்பிப் போன அன்றைக்கா, பாலம் திறந்த அன்றைக்கா, அல்லது ஏதோ ஒரு செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றிக் கமராவோடு நடந்துகொண்டிருந்தபோதா? "தெரியேல்லை அண்ணை. விட்டுக் கனகாலம்போல."

இராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப அதில நடிச்சது நான் மட்டும்தான்."

"நீங்கள் மட்டும்தான்."

"ம். அப்ப சரி." கை பழக்கத்தில் தாடியைத் தடவியது. விரலில் மை ஒட்டியது; உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "இனி ஒளிக்க என்ன இருக்கு, சொல்லும். அவன் ஏன் இறங்கேல்லை?"

"மூண்டு முடிவு வைச்சிருந்தன். மூண்டும் மற்ற ஆக்களுக்காகச் சொன்னது."

"உமக்கெண்டு?"

"எனக்கெண்டு ஒண்டும் இல்லை."

"நீர் ஒண்டும் சொல்லாதபடியால் அண்டைக்கு நான் ஒண்டை நினைச்சுக்கொண்டுதான் அதில நிண்டனான்," என்றார் இராஜநாயகம். "இறங்கு எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் நிக்கிறான். வேற காரணம் ஒண்டும் இல்லை."

அஞ்சலோ தலையாட்டினார். காசு போட வந்தவர்களுக்குச் சொன்ன மூன்றையும்விட அது நல்லது என்று அவருக்கு விளங்கியது. விளங்கியதோடு சரி.

"அண்டைக்கு நீர் பேக்கப் சொல்லேல்லை," என்றார் இராஜநாயகம். "டைரக்டர் பேக்கப் சொல்லாமல் வேசத்தைக் கலைக்கக்கூடாது எண்டு சினிமாப் புத்தகத்தில வாசிச்சிருக்கிறன். இப்ப சொல்லும்."

"பேக்கப்," என்றார் அஞ்சலோ.

"அது ஆருக்குக் கேக்கும்? சத்தமாச் சொல்லும்."

"பேக்கப்!"

மதிலில் இருந்த காகம் ஒன்று எழும்பிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. படப்பிடிப்பு முடிந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அங்கே எல்லோரும் என்றால் இரண்டு பேர், இருவரும் தட்டவில்லை.

"சொல்லியாச்சோ?" என்று குசினியிலிருந்து மாகிரட் கேட்டார்.

"சொல்லியாச்சு," என்றார் இராஜநாயகம். சட்டி திரும்ப அடுப்பில் ஏறியது. அவர் எழும்பி, சேட்டைப் போட்டுக்கொண்டு, சந்தியடிச் சலூனுக்கு நடந்தார். அஞ்சலோவையும் வரச் சொன்னார். தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று அஞ்சலோ சொன்னார், இருக்கவில்லை.

வியாழக்கிழமை காலைக்குள் செய்தி வீதி முழுவதும் பரவிவிட்டது. சலூன்காரர் இரண்டு தரம் பிளேட் மாற்றினாராம், இராஜநாயகம் ஒருமுறையும் கண்ணாடியைப் பார்க்கவில்லையாம். இதையெல்லாம் சொன்னது சலூன்காரர்தான். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

சனிக்கிழமை கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் இராஜநாயகத்தைப் பார்த்து, நேர்த்தி நிறைவேறிவிட்டதே என்று மாகிரட்டின் கையைப் பிடித்துச் சந்தோசப்பட்டார். மாகிரட் அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இராஜநாயகத்தின் நெற்றியும் கன்னத்து மேடும் வழமைபோலக் கறுத்திருந்தன. அதற்குக் கீழே முகம் வெளுத்து, மெல்லிசாக, வேறு யாரோ ஒருவருடையதுபோல இருந்தது. தெரிந்தவர்களே முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகுதான் யாரென்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு முழுவதும் அவர் அஞ்சலோவை டைரக்டர் என்று கூப்பிடவில்லை. தம்பி என்றார்.

விருந்து மண்டபத்தில் அவர் மகளுக்குப் பின்னால், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை," என்றார் அஞ்சலோ. "இஞ்சால ஒருக்காப் பாருங்கோ."

இராஜநாயகம் திரும்பினார். முழு முகமும் காட்டினார். சிரிக்கவில்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது. கலியாண வீடியோவுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகநேரம் அஞ்சலோ கமராவை அதிலேயே வைத்திருந்தார். முகம் தெளிவாக விழுந்தது. பிறகு யாரோ கேக் வெட்டப் போகிறார்கள் என்று கூப்பிட, அந்தப் பக்கம் திருப்பினார்.